பூட்டிய வீட்டில் நிற்கும் காருக்கு ஹேண்ட் பிரேக் போடலாமா

செட்டிநாட்டு வீடுகளில் மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு முதல் நாள் விடியுமுன் காரைக்குடியில் ரயிலைவிட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, தீபாவளியிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஈர வாடையும் வௌவால் வாடையும் கலந்து நின்றன. முகப்பை ஒட்டியுள்ள கார் ஷெட்டில், ஊருக்கு வந்துபோகும்போது உதவட்டும் என்று நான் வைத்திருக்கும் பழைய சிறிய கார், விட்டுப்போன இடத்திலேயே தூசி போர்த்திக்கொண்டு நின்றது. பேட்டரி செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாவியைத் திருப்பிய இரண்டாவது முறையிலேயே என்ஜின் எழுந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சிவப்பு விளக்கு அணைந்ததையும் பார்த்துவிட்டு, ரிவர்ஸ் கியரில் போட்டு கிளட்சை விட்டேன். கார் உடம்பை ஒருமுறை முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

அந்த இடத்தில் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். நானோ இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்பக்கத்திலிருந்து 'டப்' என்று ஓர் ஓசை கேட்டது, கார் நகர்ந்தது, நகர்ந்ததோடு வலப்பக்கப் பின்சக்கரத்துக்குள் ஏதோ உடைந்து உருளும் சத்தமும் கூடவே வந்தது. ஷெட் வாசலைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டு, காரைக்குடியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன்.

அவர் வந்து, சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்: "என்னண்ணே, போகையில ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டா போனீக?"

"ஆமா தம்பி. எப்பவும் போடுறதுதானே."

"எப்பவும் போடுவீக, சரி. ரெண்டு மாசம் நிக்கப்போற வண்டிக்கு எதுக்குண்ணே போட்டீக?"

இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிற எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட மறக்கக் கூடாது, எடுக்க மறக்கக் கூடாது என்ற இரண்டு பாடங்களைத்தான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள். போடவே கூடாத நேரம் ஒன்று உண்டு என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் அந்த மூன்றாவது பாடம்தான் முதலில் வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று ஷெட் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சக்கரத்தை எடுத்தபின் உள்ளே தெரிவது கவிழ்த்த சட்டி போன்ற ஒரு வார்ப்பிரும்பு உருளை. அதற்கு டிரம் என்று பெயர். அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரத்தில் இந்த டிரம் பிரேக்கும்தான் இருக்கும். மெக்கானிக் சுத்தியலால் டிரம்மின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். பத்து நிமிடம் தட்டிய பிறகு அது கழன்று வந்தது; வரும்போதே செங்கல் பொடி போன்ற துரு ஒரு கைப்பிடி அளவுக்குக் கீழே கொட்டியது. அவர் அதை வாயால் ஊதித் தள்ளப் போனார். நான் ஈரத் துணியை எடுத்துக் கொடுத்தேன். பிரேக் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு, அது நுரையீரலுக்குப் பகை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கித் துடைத்தார்.

டிரம்முக்குள்ளே பிறைநிலா வடிவத்தில் இரண்டு இரும்புத் தகடுகள் எதிரெதிராக நிற்கின்றன. இவைதான் பிரேக் ஷூ. ஒவ்வொன்றின் வெளி வளைவிலும் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். காலால் பிரேக்கை மிதித்தால், பிரேக் ஆயிலின் அழுத்தம் இரண்டு ஷூக்களுக்கும் நடுவே மேலே உள்ள சிறிய சிலிண்டருக்கு வந்து, அதன் இரு முனைகளும் வெளியே தள்ளப்பட்டு, ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கின்றன. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகின்றன.

ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் இதே ஷூக்களைத்தான். ஆனால் வழி வேறு. அதற்கு ஆயிலும் வேண்டாம், என்ஜினும் வேண்டாம். இருக்கைகளுக்கு நடுவே உள்ள லிவரை மேலே இழுக்கும்போது, அதன் அடியில் கட்டிய எஃகுக் கேபிள் காரின் அடிவயிறு வழியாகப் பின்னால் ஓடி இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைக் கொண்டுபோகிறது. சைக்கிள் பிரேக் ஒயரைப் போலவே உறைக்குள் ஓடும் கம்பிதான் அது. கொஞ்சம் தடிமன் அதிகம். இடையில் ஒரு சமன்செய்யும் துண்டு இருப்பதால், ஒரு பக்கக் கேபிள் சற்றுத் தளர்ந்திருந்தாலும் இரு சக்கரங்களுக்கும் இழுவை ஏறத்தாழ ஒரே அளவில் போய்ச் சேரும். சக்கரத்துக்குள்ளே பின் ஷூவின் மேல்முனையில் ஒரு நெம்புகோல் தொங்குகிறது. கேபிள் அதன் கீழ் நுனியை இழுக்கிறது. நெம்புகோல் நடுவிலுள்ள குறுக்குக் கட்டையை முன் ஷூவின் பக்கம் தள்ளுகிறது; அந்தத் தள்ளலின் எதிர்விசையால் பின் ஷூவும் வெளியே போகிறது. இரண்டும் டிரம்மை அணைத்துப் பிடித்துக்கொள்கின்றன. லிவரின் நீளமும் உள்ளே உள்ள நெம்புகோலின் நீளமும் சேர்ந்து கையின் வலுவைப் பல மடங்காக்கித் தருவதால்தான், ஒரு கையால் இழுத்த இழுப்புக்கு ஒரு காரே கட்டுப்பட்டு நிற்கிறது.

இழுத்த லிவர் திரும்பக் கீழே விழாமல் நிற்பதற்குக் காரணம் அதன் அடியிலுள்ள பற்சக்கரத் துண்டும் அதில் மாட்டிக்கொள்ளும் நாக்கும். இழுக்கும்போது 'கிர்ர்' என்று கேட்பது அந்த நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் ஓசை. பொத்தானை அமுக்கிக்கொண்டே இழுத்தால் பல் தேயாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அமுக்குவதில்லை, எனக்கு அந்த ஓசை வேண்டும். எத்தனை பல் ஏறினால் பிரேக் இறுகுகிறது என்பது சரிபார்க்க வேண்டிய ஒரு கணக்கு. அந்த எண் ஒவ்வொரு காருக்கும் வேறு, கார்க் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கும் அது ஒற்றை இலக்கத்துக்குள்தான் இருக்கும். வழக்கமாக ஆறாவது பல்லில் இறுகும் லிவர் பத்துப் பல் ஏறியும் தொளதொளவென்றிருந்தால், கேபிள் நீண்டுவிட்டது அல்லது லைனிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

எடுப்பதற்கும் ஒரு பதம் உண்டு. பொத்தான் அமுங்க மறுக்கிறதென்றால், நாக்கின் மேல் முழு இழுவையும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். லிவரைச் சற்று மேலே தூக்கினால் நாக்கின் பாரம் குறையும். அந்த நொடியில் பொத்தானை அமுக்கி, கடைசி வரை கீழே இறக்க வேண்டும். அமுக்கிய பொத்தானைப் பாதியிலேயே விட்டுவிடுகிறவர்களின் லிவர்தான் முதல் பல்லிலோ இரண்டாம் பல்லிலோ தொக்கி நிற்கிறது.

என் காருக்கு வருகிறேன். வலப்பக்கப் பின் ஷூவின் லைனிங், தகட்டைவிட்டு உரிந்து, பிஸ்கட்டைப் போல இரண்டாக உடைந்து டிரம்முக்குள் கிடந்தது. நான் கேட்ட 'டப்' அதுதான். டிரம்மின் உட்சுவரில் லைனிங் ஒட்டியிருந்த இடம் மட்டும் அச்செடுத்தாற்போல் செந்நிறமாக இருந்தது. கதை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: தீபாவளி முடிந்து கிளம்பிய அன்று, சுத்தமாக நிற்கட்டுமே என்று ஆழ்குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் காரைக் கழுவினேன். கழுவிய ஈரத்தோடு நேரே ஷெட்டுக்குள் விட்டு, வெகுநாள் நிற்கப்போகிறதே என்ற கூடுதல் கவனத்தில் ஹேண்ட் பிரேக்கை வழக்கத்தைவிட இரண்டு பல் அதிகமாக இழுத்தேன். டிரம்முக்குள் புகுந்த நீர், லைனிங்குக்கும் வார்ப்பிரும்புக்கும் இடையே உலர வழியில்லாத சந்தில் அகப்பட்டுக்கொண்டது. அதன்மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. இரும்பு துருவானால் இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு பருக்கும். அந்தத் துரு லைனிங்கின் நுண்துளைகளுக்குள் புகுந்து, டிரம்மையும் ஷூவையும் ஒன்றாக ஒட்டிவைத்துவிட்டது. லிவரை இறக்கியபோது கேபிள் தளர்ந்தது, ஸ்பிரிங் இழுத்தது. துருவின் பிடியைப் பிரிக்க அந்த ஸ்பிரிங்கால் ஆகவில்லை.

இரும்பு அரிமானம் என்பது அடிப்படையில் ஒரு மின்வேதியியல் வினை. மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும், 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. நாங்கள் 'சிக்ரி' என்று சுருக்கிச் சொல்லும் அந்த வளாகத்தின் வழியாகச் சிறுவயதில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். துருவைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊரின் பக்கத்தில் பிறந்துவிட்டு, ஈர டிரம்மின் மேல் இழுத்துக் கட்டிவிட்டுப் போனவன் நான்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது அணைந்ததை நான் கண்ணால் பார்த்தேன், நம்பினேன். ஆனால் அந்த விளக்கை ஏற்றி அணைப்பது லிவரின் அடியில் உள்ள ஒரு சிறிய சுவிட்ச். லிவர் கீழே இறங்கிவிட்டதா என்பதை மட்டுமே அது அறியும். நாலு முழம் தள்ளி, சக்கரத்துக்குள் ஷூ விலகியதா என்பது அதற்குத் தெரியாது. ஷூ ஒட்டிக்கொண்டாலும் சரி, கேபிளின் உறை கிழிந்து நீர் புகுந்து உள்ளே கம்பியே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டாலும் சரி, விளக்கு அணைந்துதான் இருக்கும். கேபிள் சிக்கியிருந்தால் லிவர் எடையற்றதுபோல் தொளதொளவென்று ஆடும்; அது ஓர் அடையாளம். பல கார்களில் இதே விளக்கு பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். லைனிங் தேயத் தேய ஷூக்கள் வெகுதூரம் விரிய வேண்டியிருப்பதால் டப்பாவில் ஆயில் மட்டம் தானே இறங்கும். ஆகவே லிவர் முழுக்க இறங்கியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், பயணத்தைத் தொடராமல் பானெட்டைத் திறந்து பார்ப்பதே முறை.

ஒட்டிக்கொண்ட பிரேக்கை என்னதான் செய்வது? ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள் என்பதுதான் நான் கொடுத்த பணத்துக்கு வாங்கிய அறிவுரை. லிவரை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிவிட்டு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி, ஆக்சிலேட்டரை அதிகம் தொடாமல், கிளட்சை மெல்ல விட்டு அசைத்துப் பார்க்கலாம். ஓர் இரவு மழையில் ஒட்டியதாக இருந்தால் சின்ன 'டக்' ஓசையோடு விட்டுவிடும். அதற்கெல்லாம் கவலை வேண்டாம், சிறிது தூரம் ஓட்டி நான்கு முறை பிரேக் பிடித்தால் மேல்துரு தேய்ந்து போய்விடும். விடவில்லையென்றால் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டுவதே வழி. எனக்குப் புது ஷூ ஜோடியும் அரை நாளும் செலவாயின. நோன்புக்கு வேண்டிய சாமான் வாங்க அப்பச்சி (என் அப்பா) பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் ஐயா (தாத்தா) காலத்தில் அதே ஷெட்டில் ஒரு அம்பாசடர் நின்றது. அவர்கள் கார் ஷெட்டுக்குள் நுழைந்ததும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு மரக்கட்டைகளை வைக்க வேண்டியது என் வேலை. ஆப்பு வடிவில் இழைத்த வேம்புக் கட்டைகள். இரண்டையும் ஒரு நீளமான கயிற்றால் கோத்திருப்பார்கள். பிள்ளையார்பட்டியில் தேர் ஓடும்போது சக்கரத்தை ஒட்டியே நடந்து, வேண்டிய நொடியில் முட்டுக்கட்டையைச் சொருகுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து, நானும் அதே மிடுக்கோடு கட்டையைச் சொருகுவேன். (செய்தித்தாள்களில் 'முட்டுக்கட்டை' என்றாலே கெட்ட வார்த்தையாகிவிட்டது, தேரைத் தெருவோடு ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுபோவதே அந்தக் கட்டைதான் என்பதை எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள்.) ஐயா ஷெட்டுக்குள் ஹேண்ட் பிரேக் போட்டு நான் பார்த்ததில்லை. பிரேக் சரியில்லாத பழைய வண்டி, அதனால்தான் கட்டை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். புதுக் கார் வாங்கியதும் கட்டைகளைப் பரணில் போட்டவனும் நான்தான்.

வெகுநாள் நிற்கப்போகும் காரை விட்டுப்போகும் முறையை இப்போது மாற்றிக்கொண்டேன். கழுவுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முதல் நாளே கழுவிவிடுகிறேன். பிறகு இரண்டு கிலோமீட்டராவது ஓட்டி, இடையிடையே பிரேக்கை மெல்ல மிதித்து, அந்தச் சூட்டில் டிரம் உலரும்படி செய்கிறேன். ஷெட்டின் தளம் சமமான சிமெண்ட் தளம். அங்கே என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, ஒரே சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிவிட்டு இறங்குகிறேன். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவது தனி விஷயம், அதையும் செய்துவிடுகிறேன். இது பூட்டிய ஷெட்டுக்கும் சமதளத்துக்கும் மட்டுமே பொருந்தும். தெருவில் நிறுத்தும் காருக்கு இந்த யோசனையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தெருவைப் பொறுத்தவரை சட்டமே பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இல்லாத நிலையில் பொது இடத்தில் வண்டி நிற்க வேண்டுமானால், என்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானே நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். டீக்கடை முன்னால் என்ஜினை ஓடவிட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக்கும் போடாமல் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கிவருகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

'நம்ம பக்கம் எல்லாம் சமதளம்தானே' என்று பலர் சொல்வார்கள். குன்றக்குடி மலையடிவாரத்தைத் தவிர மேடு ஏது என்பார்கள். எங்கள் ஊரில் ஊருணிக் கரை ஒன்று போதும். கரைமேல் ஏறும் செம்மண் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் சாய்ந்திருக்கும்; கால் பிரேக்கை விட்டுப் பார்த்தால்தான் கார் படித்துறையை நோக்கி நழுவுவது தெரியும். கண்மாய்க் கரைச் சாலையும், ரயில்வே மேம்பாலமும், தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் சாய்தளமும் இப்படியே. சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரும் சேர வேண்டும்: மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். முன்சக்கரத்தால் ஓடும் கார்களில் கியர் முன்சக்கரங்களைப் பிடிக்கிறது, ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கும். கார் நழுவினால் சாலையோரத்தில் முட்டி நிற்கும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்தால் மூன்றாவது காவலும் கிடைக்கும்.

வரிசையும் முக்கியம். கால் பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்தி, காரின் எடை ஹேண்ட் பிரேக்கின் மேல் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கியரைப் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் இந்த வரிசை தவறினால் உடனே தெரிந்துவிடும். 'பி' (பார்க்கிங்) நிலையில் போட்டால் கியர்ப்பெட்டிக்குள் விரல் அளவுள்ள ஓர் இரும்பு நாக்குதான் பற்களுக்கிடையே விழுந்து மொத்தக் காரையும் பிடித்துக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக் போடாமல் சரிவில் 'பி' போட்டால் எடை முழுவதும் அந்த நாக்கில் ஏறும். திரும்ப எடுக்கும்போது 'டங்' என்று அடிப்பது அதனால்தான். கிளட்ச் மிதி இல்லாத, சாதாரணக் கியர்ப்பெட்டியையே கருவி இயக்கும் ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் 'பி' என்ற நிலையே கிடையாது. அவற்றைக் கியரில் வைத்து என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும். நியூட்ரலில் அணைத்துவிட்டு ஆட்டோமேட்டிக் தானே பார்த்துக்கொள்ளும் என்று போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எப்போது எடுப்பது என்பதற்கு என் விடை சுருக்கமானது: கிளம்புவதற்கு ஆயத்தமான கடைசி நொடியில், அதற்கு முன்னால் இல்லை. என்ஜினை எழுப்பி, பெல்ட் போட்டு, கண்ணாடி பார்த்து, கால் பிரேக்கை மிதித்து, கியர் போட்ட பிறகே லிவரில் கை வைக்கிறேன். மேட்டில் கிளம்பும்போது மட்டும் ஒரு சிறு மாற்றம். கிளட்சை மெல்ல விட, கார் மூக்கைச் சற்றே தூக்கும், என்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து லிவரை இறக்கினால், பின்னால் ஒரு விரற்கடை கூட நழுவாது. ரயில்வே கேட்டில் வரிசையில் நின்று நின்று ஏறுகிறவர்களுக்கு, கிளட்சிலேயே காரைத் தொங்கவிட்டுத் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எடுக்க மறந்து ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சொந்தச் சாட்சி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளையார்பட்டிக்குப் போகும் வழியில், லிவர் இரண்டாம் பல்லில் தொக்கி நின்றதைக் கவனிக்காமல் ஓட்டினேன். விளக்கு எரிந்தது, பிறகு ஆயில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கார் கொஞ்சம் சோர்ந்து போவதாகத் தோன்றியது, வீட்டு ஆட்கள் ஐந்து பேர் ஏறியிருப்பதால் என்று நினைத்தேன். குன்றக்குடி தாண்டியதும் கருகிய ரப்பரும் சூடேறிய இரும்பும் கலந்த ஒரு நெடி வந்தது. வயலில் ஏதோ எரிக்கிறார்கள் என்றார்கள் பின்னிருக்கை ஆச்சி. இறங்கி, பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்துப் பின்சக்கரத்தின் நடுவே ஒரு சொட்டுத் தெறித்தேன். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் 'சுர்' என்றது. அந்தச் சூட்டில் லைனிங் கண்ணாடி போல் மினுமினுப்பாகிப் பிடிமானத்தை இழக்கும். சக்கரத்துப் பேரிங்கின் கிரீஸ் உருகும். எல்லாவற்றிலும் மோசம், சூடு சிலிண்டருக்குள் உள்ள பிரேக் ஆயிலுக்குப் போவது. டாட் 3 என்னும் தரவகைப் புதிய ஆயிலின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4க்கு இவை 230, 155. ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதித்த பிரேக் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே அப்படிச் சூடேறிய காரை அரைமணி நேரம் சும்மா நிறுத்திவைக்க வேண்டும். சமதளமாக இருந்தால் கியரில் போட்டு, கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போடாமல். கொதிக்கும் டிரம்மில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

பஞ்சர் போடும்போது ஒரு எச்சரிக்கை. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், தரையில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு பின்சக்கரம்தான் காரைப் பிடித்திருக்கிறது. மூலைக்கு எதிர்மூலையில் உள்ள முன்சக்கரத்துக்குக் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் லிவருக்குப் பதில் ஒரு சுவிட்ச் மட்டும் இருக்கிறது. பின்சக்கர டிஸ்க்கை இறுக்கும் பிடியான காலிப்பரில் பொருத்திய சிறிய மோட்டார் பிரேக்கை இறுக்குகிறது. கிளம்பும்போது தானே விட்டுக்கொள்ளும், மறதிக்கு இடமில்லை, நகரத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் சில கார்களில் என்ஜினை அணைத்ததும் அது தானாகவே இறுகிவிடும். இறுகியதை விடுவிக்க மின்சாரம் வேண்டும். மூன்று மாதம் பூட்டிக் கிடந்து பேட்டரி இறங்கிய காரை, பின்சக்கரங்கள் பூட்டிய நிலையில் தள்ளவும் முடியாது. அப்படிப்பட்ட காரை ஊரில் விட்டுப்போகிறவர்கள், தானாக இறுகுவதை நிறுத்திவைக்கும் வழி கையேட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

மாசிச் சிவராத்திரிக்குப் போனபோது கட்டைகளைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. ஒன்றில் மட்டும் கரையான் அரித்திருந்தது, தச்சரிடம் கொடுத்துப் புதிதாக ஒன்று இழைத்தோம். திரும்பக் கிளம்பும் அன்று முதல் கியர், இரு பக்கமும் கட்டை, லிவர் கீழே. அடுத்த முறை ஊருக்குப் போனதும் பிரேக் ஒட்டவில்லை, சக்கரம் விடுதலையாக நின்றது. கட்டை இருப்பதை மறந்து ரிவர்ஸ் எடுத்தேன், கார் பின்கட்டையில் ஏறி முட்டி என்ஜின் அணைந்தது. ஐயாவின் கட்டைகளைக் கோத்திருந்த அந்தக் கயிறு இரண்டு கட்டைக்கும் இடையே தேவைப்பட்டதைவிட மூன்று மடங்கு நீளம். வெட்டிவிடலாமே என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அன்று அதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடிவரை சரியாக வந்தது.